அளவுக்காரர் தப்பாக அளந்தது

என் அத்தானுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் என்னையே கடைத்தெருவில் பார்த்துவிட்டு, யாரோ என்று கடந்து போனார். பத்தடி போனபிறகு நின்று திரும்பிப் பார்த்தார், அதுவும் என் காலை. "எட்டு நம்பர். இடது கால் ஒரு நூல் பெருசு. அட, நம்ம மச்சான்!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா நல்ல ஆளிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவர் செருப்புக்கடைக்காரர். ஊரில் அளவுக்காரர் என்றால்தான் தெரியும். பிறகு ஐந்து வருஷம் மாகாண சபை உறுப்பினராக இருந்தார். அதன்பிறகு மறுபடியும் செருப்புக்கடைக்காரர் ஆனார். இவ்வளவுதான் அவர் வாழ்க்கை என்று சொல்லிவிடலாம். ஆனால் நடுவில் ஒரு தப்பு செய்தார். அந்தத் தப்பை அவரைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது, அவரைத் தவிர வேறு யாரும் அதை ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். இரண்டுக்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

இருபது வயதில் ஒரு பெரிய கடையில் ஏணி ஏறி டப்பா எடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் ஏறி இறங்கினார். அப்புறம் மருந்துக்கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில், எட்டடி அகலத்தில், ஒரு கடை பிடித்தார். நீளம் மட்டும் நாற்பதடி. உள்ளே போனால் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் டப்பா. நடுவில் ஒரு பெஞ்சு. கடைசியில் ஒரு ஜன்னலில்லாத அறை. அளவு பார்க்கும் பலகை ஒன்று வைத்திருந்தார், அது சும்மா அழகுக்கு. வாசலில் ஆள் காலை வைக்கும்போதே "ஆறு, அகலக் கால்" என்று சொல்லி டப்பாவை எடுத்துவிடுவார். அவர் எடுத்த முதல் ஜோடி காலுக்குச் சேராமல் போனதை நான் பார்த்ததில்லை.

அந்தக் கடையில் ஒரு சலுகை இருந்தது. தேய்ந்த செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினால் விலையில் கொஞ்சம் குறைப்பார். மற்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள், குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிறான் என்று. அத்தான் சட்டை செய்யவில்லை. வாங்கிய பழசைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பார். விரல் பக்கம் தேய்ந்திருந்தால் மேட்டில் ஏறுகிறவர். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் பாரம் தூக்குகிறவர். ஒட்டியிருக்கிற மண்ணை வைத்துத் தெருவையே சொல்லுவார். பார்த்து முடித்ததும் சாக்பீஸால் தெருப் பெயரை அடியில் எழுதி, உள் அறையில் போட்டுவைப்பார். எதற்கு என்று கேட்டால், "எந்தத் தெருக்காரங்களுக்கு எந்தச் செருப்பு உழைக்குதுன்னு தெரிய வேணாமா மச்சான்? தெரியாம எதை வாங்கி விக்கிறது?" என்பார். வியாபாரம் அப்படித்தான் வளர்ந்தது.

அக்கா ஆலையில் தையல் மிஷினில் வேலை செய்தவள். அவளும் பழைய செருப்போடுதான் அந்தக் கடைக்குப் போனாள். அதைத் திருப்பிப் பார்த்தவர், "வலது கால் முன்பாதம் மட்டும் தேஞ்சிருக்கே. ஆலையில மிஷின் மிதிக்கிறீங்களா?" என்றாராம். "செருப்பு விக்கிறீங்களா, துப்பு துலக்குறீங்களா?" என்று அக்கா கேட்டாளாம். அடுத்த மாதம் தேயாத செருப்பையே கொண்டுபோய்க் கொடுத்துப் புதுசு கேட்டாள். அத்தானுக்கு அடிப்பாகம்தான் படிக்கத் தெரியும், இதெல்லாம் புரியாது. கடைசியில் அக்காதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பஸ் கண்டக்டராக இருந்தேன். ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரைப் படியிலிருந்து இறக்கிவிட்டதில் வேலை போனது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து என்று அவர் எழுதிக்கொடுத்தார், நின்றிருந்த பஸ்தான். எப்படியோ, அதற்குப் பிறகு அத்தான் கடையில் டப்பா எடுக்க வந்து சேர்ந்தேன்.

அரசியலுக்கு அவர் போனது ஆசைப்பட்டு இல்லை. கடைத்தெருவை அகலப்படுத்தப் போகிறோம், முன்பக்கம் ஆறடி இடிப்போம் என்று மாகாண சபையிலிருந்து தாக்கீது வந்தது. வியாபாரிகள் சங்கம் கூடியது. நம் ஆள் ஒருவர் சபைக்குள்ளே இருந்தால்தான் கடை பிழைக்கும் என்று பேசினார்கள். யார் நிற்பது என்று வந்தபோது துணிக்கடைக்காரருக்கு முதுகு வலித்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றைக்கு அத்தான் ஒரு குழந்தையின் ஷூவுக்கு வார் மாட்டிக்கொண்டிருந்ததால் கூட்டத்துக்குப் போகவில்லை. வராதவன் தலையில் கட்டுவதுதான் எல்லாச் சங்கத்திலும் நடப்பது. மாலையில் ஆறு பேர் கடைக்கு வந்து வாழ்த்துச் சொன்னபோதுதான் அவருக்கே விஷயம் தெரியும்.

"மேடையில பேச வராதுங்க எனக்கு," என்றார்.

"நீங்க பேச வேணாம். கால் அளவு சொல்லுங்க போதும்," என்று துணிக்கடைக்காரர் சொன்னார். கிண்டலுக்குத்தான் சொன்னார், அதுதான் நடந்தது.

ஆலைப் பக்கத்தில் முதல் கூட்டம். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளை ஏவிவிட்டிருந்தார்கள். அத்தான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசவில்லை, ஒரு செருப்பு பறந்து வந்து மேஜையில் விழுந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தான் அதை எடுத்தார், திருப்பினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஒன்பது நம்பர். வலது கால் நடுவுல குழி விழுந்திருக்கு. இது லாரி ஓட்டுறவர் செருப்பு, பிரேக் மிதிச்சு மிதிச்சு வந்த குழி. தம்பி, உங்களுக்கு முழங்கால் வலி இருக்கணுமே? சீட்டை ரெண்டு அங்குலம் பின்னால தள்ளிப் போட்டு ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார். கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவன் ஒற்றைச் செருப்போடு தலையைக் குனிந்து நின்றான். அடுத்த வாரம் கடைக்கு வந்து, முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அவருக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தது அந்தச் செருப்பு இல்லை, என் அக்கா. ஆலையைச் சுற்றியிருந்த குடியிருப்பில் நாலாயிரம் பேர். பிரசவத்துக்கு இரண்டு பஸ் மாறி, ரயில்வே கேட்டைத் தாண்டி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அக்கா தன்னோடு மிஷின் மிதித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏறி இறங்கினாள். "என் வீட்டுக்காரர் ஜெயிச்சா, நடந்து போற தூரத்துல பிரசவ ஆஸ்பத்திரி வரும். இது அவர் வாக்கு இல்ல, என் வாக்கு," என்று சொன்னாள். ஆயிரத்து நூறு ஓட்டு வித்தியாசத்தில் அத்தான் ஜெயித்தார்.

சபையில் அவரை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் கடைத்தெருவை இடிக்கிற திட்டத்தை அவர் நிறுத்திவிட்டார். எப்படி என்று கேட்டால், பொதுப்பணிப் பொறியாளர் தெருவைப் பார்க்கவே வரவில்லை என்பதை அவருடைய ஷூவைக் காட்டியே நிரூபித்தாராம். "மழை பேஞ்ச வாரத்துல எங்க தெருவுக்கு வந்தேன்னு எழுதியிருக்கார். எங்க தெருச் சேறு ஒரு தடவை ஒட்டினா தையல் இடுக்குலேந்து மூணு மாசத்துக்குப் போகாது. அவர் தையல்ல பாருங்க." சபையே மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்ததாம். பொறியாளரின் பழைய ஷூவின் தையலில் ஒரு துளி சேறு இல்லையாம்.

நாலாவது வருஷம்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் வந்தது. தொகுதிக்கு ஒன்றுதான். இரண்டு இடத்திலிருந்து மனு இருந்தது. ஒன்று ஆலைக் குடியிருப்பு. இன்னொன்று, வடக்கே மலைமேல் இருக்கிற கல்குவாரிக் குடியிருப்பு. அங்கே மொத்தம் நானூறு பேர். எந்த இடம் என்று உறுப்பினர் பரிந்துரை செய்யவேண்டும், அதைச் சபை ஓட்டெடுப்பில் ஏற்கவேண்டும். அத்தான் நினைத்திருந்தால் அன்றைக்கே ஆலை என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். நியாயமாகச் செய்கிறேன் பேர்வழி என்று உள் அறையைத் திறந்தார்.

இரண்டு நாள் கடையை மூடி, பதினைந்து வருஷத்துச் செருப்பை நானும் அவரும் தெருவாரியாகப் பிரித்தோம். தூசியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. ஆலைக் குடியிருப்புச் செருப்பு ஒரு மலையாகக் குவிந்தது. பாதிக்குமேல் குதிகாலில் ஓட்டை. குவாரியிலிருந்து வந்தது பதினோரு ஜோடி. அதுவும் தேயாத செருப்பு.

"பாத்தியா மச்சான்," என்றார். முகம் பிரகாசமாக இருந்தது. "யாரு நடந்து நடந்து தேயுறாங்கன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆலை மைதானத்தில் கூட்டம் போட்டு அதை அப்படியே சொன்னார். "எந்த ஊர்ச் செருப்பு அதிகமாத் தேயுதோ அந்த ஊருக்குத்தான் ஆஸ்பத்திரி. அளந்து பாத்துட்டேன். உங்களுக்குத்தான்!" பெண்கள் அக்காவைத் தூக்காத குறை. அக்கா அன்றைக்கு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு.

பரிந்துரைப் படிவத்தில் ஒரு வரி உண்டு: இரண்டு இடத்தையும் நேரில் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். "எல்லாரும் போகாமலே போடுறதுதான் சார்," என்று சபைக் குமாஸ்தா சொன்னார். பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட அத்தானால் முடியாது. ஓட்டெடுப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, என்னையும் அழைத்துக்கொண்டு காலையில் கிளம்பினார். பன்னிரண்டு வருஷம் நான் கண்டக்டராக இருந்த தடத்தில் மலையடிவாரம்தான் கடைசி ஸ்டாப். அதற்குமேல் ஜீப்பும் போகாது. ஒன்றரை மணி நேரம் ஏறினோம். வழியெல்லாம் உடைந்த கல். என் செருப்பு வார் பாதியில் அறுந்தது.

மேலே போனதும் அத்தான் வழக்கம்போல் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செருப்பே இல்லை. சில ஆண்கள் லாரி டயரை வெட்டிக் கயிறு கட்டிப் போட்டிருந்தார்கள். பெண்கள் வெறுங்காலோடு இருந்தார்கள். வெடிப்பில் கல்தூசி ஏறி வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்த கால்கள்.

ஒரு பெண் நிறைமாதமாக இருந்தாள். அவள் கால் வீங்கியிருந்தது. அத்தான் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஆறு நம்பர் போடுற கால்மா இது, வீங்கி ஏழாயிருக்கு. ஏன்மா செருப்பு போடாம நிக்கிற? எங்க கடைக்கு வந்திருக்கலாம்ல?" என்று கேட்டார். கேட்கும்போது வியாபாரிதான் கேட்டார்.

அவள் சிரித்தாள். "உங்க கடைக்கு வர்றதுக்கே ஒரு செருப்பு வேணுமே ஐயா."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. அந்தப் பதினோரு ஜோடி யாருடையது என்று மெல்லக் கேட்டார். குவாரி மேஸ்திரிகளுடையதாம். அவர்கள் கீழே டவுனில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம்.

அப்புறம்தான் அந்த நாற்காலியைப் பார்த்தார். ஒரு வீட்டுச் சுவரில் சாத்தியிருந்தது. சாதாரண மர நாற்காலி. கைப்பிடிக்கு அடியில் இரண்டு நீளக் கம்புகளை வைத்துக் கட்டியிருந்தார்கள். உடம்பு முடியாதவர்களை அதில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்களாம். அத்தான் கிட்டே போய்க் கம்பின் நுனியைத் தடவினார். தோள் படுகிற இடம் வழுவழுவென்று உள்வாங்கி, கண்ணாடிபோலப் பளபளத்தது. எத்தனையோ செருப்பைத் தடவிப் பார்த்த கை அது, அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தக் கம்பு எத்தனை வருஷமா இருக்கு?" என்றார்.

"இது மூணாவது கம்பு சார்," என்றார் வீட்டுக்காரர். கல் உடைக்கிறவர், ஐம்பது வயது இருக்கும். "முதல் ரெண்டும் தேஞ்சு முறிஞ்சுபோச்சு. போன மாசம்கூட மருமகள இதுலதான் தூக்கிட்டுப் போனோம். பாதி வழியில இறக்கி வச்சிட்டோம்."

"ஏன்?"

"அதுக்கு மேல தூக்க வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சு சார்."

சொல்லும்போது அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். பன்னிரண்டு வருஷம் அடிவாரத்தில் விசில் கொடுத்துப் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன், மேலே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் நிமிர்ந்து பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறியவர்கள்தான் எனக்கு ஜனங்கள்.

இறங்கும்போது அத்தான் ஒரே ஒரு தடவை பேசினார். "கடைக்கு வந்த காலை மட்டும் அளந்துட்டேன் மச்சான்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். படிவத்தில் குவாரி என்று எழுதப்போகிறேன் என்றும் சொன்னார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாலாயிரம் பேரு பெருசா, நானூறு பேரு பெருசா?"

"நாலாயிரம்தான் பெருசு. ஆனா அவங்களுக்கு பஸ் இருக்கு. இவங்களுக்குத் தோள்தான் இருக்கு."

"அந்த பஸ்ல நான் போயிருக்கேன். நீங்க போயிருக்கீங்களா? ரயில்வே கேட்டு மூடியிருந்தா அரைமணி நேரம் நிக்கும். நான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். உங்க பேரைச் சொல்லல, என் வாக்குன்னு சொன்னேன். நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அந்த நாற்காலிய நீ ஒரு தடவை வந்து பாரு."

"பாத்தா எனக்கும் மனசு மாறிடும். அதனாலதான் வரமாட்டேன்," என்றாள் அக்கா. "நீங்க ரெண்டு பக்கமும் பாத்துட்டீங்க, உங்களுக்கு ரெண்டு நியாயம். எனக்கு ஒண்ணுதான். என்னை அதோட விடுங்க."

அந்த ஒன்பது நாளும் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. நான் அக்கா பக்கம். எதற்கு மறைக்க வேண்டும்? அத்தானிடம் நேருக்கு நேர் சொன்னேன், "குவாரிக்காரங்க பாவம்தான். ஆனா உங்களை அங்க உக்கார வச்சது ஆலைக்காரங்க. மேடை ஏறி அளந்தேன்னு சொன்னது யாரு? வாக்கக் கொடுத்துட்டு இப்ப பின்வாங்கினா பேரு என்ன?"

"தப்பான சைஸைக் கொடுத்துட்டு, கொடுத்தாச்சு போட்டுக்கன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?" என்று திருப்பிக் கேட்டார். இந்த மனிதரோடு வாதம் செய்யவே முடியாது, எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

ஓட்டெடுப்பு அன்றைக்குப் பார்வையாளர் வரிசையில் நான் இருந்தேன். ஆலையிலிருந்து முப்பது பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வரவில்லை. அத்தான் எழுந்தார். கையில் இருந்த தாளைப் படிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எந்த ஊர்ச் செருப்பு தேயுதோ அந்த ஊருக்குன்னு சொன்னேன். தப்பா அளந்துட்டேன். செருப்பே வாங்க வரமுடியாத ஊரு ஒண்ணு என் தொகுதியில இருக்குன்னு எனக்குத் தோணல. என் பரிந்துரை குவாரிக்கு. ஆலைப் பக்கத்து ஜனங்களுக்கு நானும் என் வீட்டுக்காரியும் வாக்குக் கொடுத்தோம். அதை நான் உடைக்கிறேன். அவ உடைக்கல." உட்கார்ந்துவிட்டார். நாலு ஓட்டு வித்தியாசத்தில் குவாரிக்கு ஆயிற்று. முப்பது பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் உடைக்கவில்லை என்று அவர் சபையில் சொன்னது சபைக் குறிப்பில்தான் ஏறியது. ஆலைக் குடியிருப்பில் அக்காவோடு யாரும் பேசவில்லை. பக்கத்து மிஷினில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள்கூட, தெருக்குழாயடியில் அக்காவைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். கடைக்கும் கூட்டம் குறைந்தது. அடுத்த தேர்தலில் அத்தான் ஆயிரத்து எண்ணூறு ஓட்டில் தோற்றார். குவாரியிலிருந்து அறுபத்தொரு பேர் நடந்து இறங்கிவந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள், வாக்குச்சாவடி அடிவாரத்தில்தான். அறுபத்தொன்றும் அவருக்கே விழுந்தது. சாவடிவாரியாக ஓட்டு எழுதியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மலைமேல் ஆஸ்பத்திரி கட்டி முடித்தார்கள். இரண்டு அறை, நாலு கட்டில், ஒரு நர்ஸ். புது உறுப்பினர் வந்து ரிப்பன் வெட்டினார். அத்தானை யாரும் அழைக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஒரு தடவை அவராகவே ஏறிப் போக ஆரம்பித்தார். சும்மா போவாரா, வியாபாரியாயிற்றே, ஒரு மூட்டைச் செருப்பையும் தூக்கிக்கொண்டு போவார். தவணையில் கொடுத்துவிட்டு, நர்ஸிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கி வருவார். என்ன பேசினார் என்று வீட்டில் சொல்லமாட்டார். அக்காவும் கேட்கமாட்டாள். அந்த மலையைப் பற்றி அந்த வீட்டில் இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை.

ஒரு மத்தியானம் கடையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அக்கா கடைசியில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான். ஆலைச் சாயப் பிரிவில் வேலை செய்கிறவன், விரலெல்லாம் நீலம். இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்து ஆள் எவனும் அந்த வாசல்படி ஏறவில்லை. நான் எழுந்து நின்றேன், எதற்கும் தயாராக.

"சண்டை போட வரல," என்றான் என்னைப் பார்த்து. பிறகு அத்தானிடம் திரும்பினான். "நாலு நாளைக்கு முன்னால என் வீட்டுக்காரிக்கு வலி வந்துச்சு. பஸ் ரயில்வே கேட்டுல நின்னுடுச்சு. கூட்ஸ் வண்டி. பஸ்ஸுலயே ஆயிடுச்சு. அவ இருக்கா. கொழந்த இல்ல."

அத்தான் எழுந்துகொண்டார். இதற்காகத்தான் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் கடையைத் திறக்கும்போது இவன்தான் வரப்போகிறான் என்று காத்திருந்திருக்கிறார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் அவன். "அந்த மலையில ஆஸ்பத்திரி வந்தப்புறம் எத்தன கொழந்த பொறந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

"இருபத்தாறு," என்றார் அத்தான். யோசிக்கவே இல்லை.

"எல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. தாயும் இருக்காங்க. போன வாரம்தான் கேட்டுட்டு வந்தேன்."

"இருபத்தாறு," என்று அவன் தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டான். "நான் கேக்கலங்க. அவதான் கேட்டுட்டு வரச் சொன்னா. காலையிலேந்து அதையே கேக்கிறா. போய்ச் சொல்றேன்." திரும்பி இறங்கிவிட்டான்.

அத்தான் அந்த மலையில் என்ன பேசிவிட்டு வருகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்காவுக்கும் அன்றைக்குத்தான். கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளைத் தட்டிவிட்டாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து தன் செருப்பைக் காலால் இழுத்து மாட்டிக்கொண்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்தக் குடியிருப்புக்குள் அவள் காலெடுத்து வைத்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அத்தானும் பரபரவென்று செருப்பைத் தேடினார். இத்தனை செருப்புக்கு நடுவில் அவருடையது அவருக்குக் கிடைக்கவில்லை. "இரு, நானும் வர்றேன்," என்றார்.

"நீங்க வேணாம்," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. அத்தனை நாளில் அவரிடம் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. "நீங்க போய் முன்னால நின்னா, அவ உங்கள மன்னிக்கணும். பாவம், இன்னிக்கு அந்த வேலையும் அவளுக்கு வேணுமா?"

சொல்லிவிட்டு, அந்த நீலக் கைக்காரனுக்குப் பின்னால் வேகமாக நடந்தாள். அத்தான் வெறுங்காலோடு வாசல்வரைக்கும் போனார். தெரு முனையில் அவள் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.